சொல்லு, தொடு, திருப்பாதே

எழுத்தைக் கற்றுக்கொடுத்தாலும் சரி, ஆகாயத்தில் பறக்கக் கற்றுக்கொடுத்தாலும் சரி, கற்றுக்கொடுக்கிறவருக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் வாத்தியார்தான். பறக்கும் பள்ளியில் அவரோடு இன்னும் இரண்டு பேர் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்ததே இவர்தான் என்பதால், வாத்தியார் என்றால் அங்கே அவர் ஒருவர்தான்.

பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மூன்று சின்ன விமானங்கள், எதிரே ஓடுபாதை, அதன் ஓரம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு துணிப் பை. விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பேர் தோளும் உரசும். கொஞ்சம் பருத்த மாணவன் வந்துவிட்டால் வாத்தியார் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கதவைச் சாத்துவார். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். எந்த டேங்கிலிருந்து எஞ்சின் குடிப்பது என்பதை மாணவனின் இடது முழங்கால் பக்கத்தில் இருக்கும் ஒரு திருகு முடிவு செய்யும். இடது, வலது, மூடு. ஒரு டேங்க் குறைந்தால் மறு டேங்குக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும் வேலை அது.

ஆனால் அந்தத் திருகு விஷயத்தில் வாத்தியார் சூடு கண்ட பூனை. பல வருஷத்துக்கு முன்னால், எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று மேலே போய்ப் பழக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் பதறிப்போய் திருகை ‘மூடு’ பக்கம் திருப்பிவிட்டான். பழக்கத்துக்காக வேகம் குறைத்திருந்த எஞ்சின் நிஜமாகவே நின்றது. வலது பக்க இருக்கையில் இருந்த வாத்தியாருக்கு அந்தத் திருகு எட்டாது. அவன் மடிமேல் விழுந்து, கையை நீட்டித் திருப்பி, மரங்களுக்கு மேலே ஒரு முழம் இடைவெளியில் விமானத்தைத் தூக்கினார். அன்றைக்கு வைத்ததுதான் சட்டம். பழகும்போது ஒவ்வொன்றையும் வாயால் சொல்ல வேண்டும், விரலால் தொட வேண்டும், திருகைத் திருப்பக் கூடாது. மற்ற இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பள்ளி முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போய், கொட்டகைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்துவிட்டார்: சொல்லு, தொடு, திருப்பாதே.

வாத்தியாரின் மனைவி தையல் வேலை செய்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சீருடை முழுக்க அவள் மெஷினில்தான் உருவாகும். அவளுக்கு ஒரே தம்பி, சின்னவன். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். மாமா ஓட்டுகிற விமானத்தைத் தானும் ஓட்ட வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். வேண்டாம் என்று சொன்னது வாத்தியார். தம்பிக்காக மல்லுக்கு நின்று ஜெயித்தது அக்கா.

அப்புறம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையே விமானமாகிவிட்டது. சின்னவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவான். உப்பு ஜாடிதான் டேங்க் திருகு. தண்ணீர்ச் செம்பு பம்ப். வாத்தியார் சோற்றைப் பிசைந்துகொண்டே திடீரென்று, “எஞ்சின் போச்சு” என்பார். சின்னவன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான்: மூக்கை இறக்கு, வயலைப் பாரு, டேங்க், பம்ப், சாவி, சேதி சொல்லு. டேங்க் என்னும்போது இரண்டு விரல் உப்பு ஜாடியைத் தொட்டுவிட்டு வரும். ஒரு தடவை ஜாடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டான் என்பதற்காக வாத்தியார் அவன் புறங்கையில் கரண்டியால் ஒன்று வைத்தார். “பறக்கிறது அப்புறம், முதல்ல சோத்தைத் தின்னுங்க ரெண்டு பேரும்” என்று அவள் அதட்டுவாள். இப்படிக் கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம். காஜா எடுக்கும்போது அவள் வாய் ‘மூக்கை இறக்கு, வயலைப் பாரு’ என்று முணுமுணுத்ததைக் கேட்டுச் சின்னவன் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான்.

சின்னவன் தனியாகப் பறக்கத் தொடங்கிச் சில வாரம் ஆகியிருந்தது. மழைக்காலம். அன்றைக்குக் கிளம்பும்போது வலது டேங்க் நிறைய இருந்தது, இடது குறைவு, திருகு இடது பக்கம். அது வழக்கம்தான், பாதி வழியில் மாற்றிக்கொள்வார்கள். திரும்பி வரும் பாதையில் மழை மேகம் ஒன்று குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வரும் மும்முரத்தில் மாற்றுகிற நேரத்தை அவன் விட்டுவிட்டான். எஞ்சின் இரண்டு தடவை இருமியது, வலு குறைந்தது, பிறகு நின்றேவிட்டது.

அவன் பயப்படவில்லை. மூக்கை இறக்கினான். அறுப்பு முடிந்த வயல் ஒன்றைப் பார்த்து வைத்தான். டேங்க் என்று வாயால் சொன்னான், விரலால் தொட்டான், அடுத்ததுக்குப் போனான். வானொலியில் நிதானமாகச் சேதி சொன்னான். இறக்கம் அத்தனை அழகு. கணக்கான உயரம், சரியான வேகம், சக்கரம் மூன்றும் பூப்போலத் தரையில் பட்டன. வயலின் கடைசியில் புல் மூடிய கால்வாய் ஒன்று இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெய்வத்துக்கே தெரியாது. மூக்கு அதில் குத்தி விமானம் நின்றது. சின்னவனின் முதுகுத்தண்டு முறிந்தது.

பள்ளி மெக்கானிக்கோடு வாத்தியார் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மெக்கானிக் வலது டேங்க் மூடியைத் திறந்து அளவுக் குச்சியை விட்டார். குச்சி மேல்வரை நனைந்து வந்தது. இடது டேங்கில் விட்டார், காய்ந்து வந்தது. திருகு இடது பக்கமே இருந்தது. வாத்தியார் ஈர வயலில் அப்படியே குந்திவிட்டார். இன்னும் மணிக்கணக்கில் பறக்கப் பெட்ரோலை வைத்துக்கொண்டு, தான் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் செய்து, பிள்ளை கீழே வந்திருக்கிறான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் இல்லை, இனி வரவும் வராது என்று டாக்டர் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. வாத்தியார் மனைவியை ஆஸ்பத்திரி வராந்தாவின் மூலைக்குக் கூட்டிப்போய் டேங்க் விஷயத்தை உள்ளபடி சொன்னார். அழுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தவருக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்று: “இது அவன் காதுக்குப் போகக் கூடாது.” அவளே உள்ளே போய்த் தம்பியிடம், எஞ்சின் மோசமாம், நீ எல்லாம் சரியாத்தான் செஞ்சியாம் என்று சொல்லிவிட்டாள்.

சின்னவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தான்.

வீட்டின் முன்னறையில் கட்டில் வந்தது. தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே தைத்தாள், சீருடைகளில் தாளித்த வாசனை ஏறியது. மூத்திரக் குழாயைப் பார்க்க வேண்டும், பையைக் கொட்ட வேண்டும், முதுகில் புண் வராமல் நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தலைமாட்டில் வாத்தியார், கால்மாட்டில் அவள், விரிப்போடு சேர்த்துத் தூக்கிப் புரட்டுவார்கள். “இந்தப் பக்கம் வெந்துடுச்சு மாமா, மறுபக்கம் போடுங்க” என்பான் சின்னவன். மூன்று பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் வாத்தியார் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

பார்க்க வருகிறவர்களிடம் அவன் தன் இறக்கத்தைப் பற்றிச் சொல்லுவான். எஞ்சின் கைவிட்டது, மாமா சொல்லிக்கொடுத்தது கைவிடவில்லை என்று முடிப்பான். வருகிறவர்கள் வாத்தியாரைப் பார்த்து, உங்க வளர்ப்பு சார் என்பார்கள். அவருக்கு நெருஞ்சி முள்மேல் நிற்பது போல இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் விசாரணை அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. விமானத்தைப் பார்த்தாகிவிட்டது, திருகைப் பார்த்தாகிவிட்டது, ஓட்டியவனின் வாக்குமூலம் மட்டும் பாக்கி. திருகு ஏன் திரும்பவில்லை என்பதற்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும். சொல்லிக்கொடுத்த முறை தப்பு என்று எழுதினால் வாத்தியாரின் உரிமம் போகும். உரிமம் போனால் மருந்துக்கும் கட்டிலுக்கும் அந்த வீட்டில் மிஞ்சுவது ஒரு தையல் மெஷின். வாத்தியாருக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பையனுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அவரைத் தின்றது. அதிகாரியின் அலுவலகத்துக்கே போய்க் கேட்டார், டேங்க் பேச்சை அவன் எதிரில் எடுக்க வேண்டாம் என்று. அதிகாரி நல்ல மனுஷன். நான் கேட்பேன், அவன் சொல்லுவான், என் வாயிலிருந்து ஒன்றும் வராது என்றார்.

வாக்குக் கொடுத்தபடிதான் நடந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம் அது. சின்னவன் காலையிலேயே முகம் மழித்து, தலை வாரி, பறக்கும் பள்ளியின் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, முதுகுக்கு மூன்று தலையணை வைத்துத் தயாராக இருந்தான். பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது முகம். அதிகாரி டீயைக் குடித்துவிட்டு எழுதத் தொடங்கினார். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், மேகம் எங்கே இருந்தது, எஞ்சின் எப்போது இருமியது. எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் வந்தது. அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“வாய்ப்பாடு சொன்னேன் சார். இங்க பாருங்க.”

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். போர்வைமேல் அவன் கை பறந்தது. மூக்கை இறக்கு. வயலைப் பாரு. டேங்க் என்றபோது இரண்டு விரல் கட்டிலின் இடது சட்டத்தைத் தொட்டுவிட்டு, நிற்காமல் அடுத்ததுக்குப் போயிற்று. பம்ப். சாவி. சேதி சொல்லு.

“அந்த நேரத்துல திருகு எந்தப் பக்கம் இருந்துச்சு?” அதிகாரி தலையைத் தூக்காமல், எழுதுகிற வேகத்தில் கேட்டுவிட்டார்.

“இடது.”

“அப்புறம்?”

“அப்புறம் பம்ப்.”

அதிகாரியின் பேனா நின்றது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. போதும் தம்பி, ரொம்ப நன்றி என்று அவசரமாகக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அந்த அவசரம்தான் காட்டிக்கொடுத்தது. சின்னவன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான், பிறகு வாத்தியாரைப் பார்த்தான். மக்குப் பையன் இல்லை அவன்.

“மாமா, வலது டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?”

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. ஒரு பொய் போதும். அவர் மனைவி எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பொய்யோடு இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் டேங்கில் எவ்வளவு என்று கேட்டால் உள்ள அளவைச் சொல்லியே பழகின வாய் அது.

“நிறைய” என்றார்.

“எவ்வளவு?”

“மூடி வரைக்கும்.”

சின்னவன் தன் இடது கையைத் தூக்கி, அது யாரோ ஒருவருடையது போலப் பார்த்தான். இரண்டு விரலையும் மடக்கினான், நீட்டினான். அவன் அழுதிருந்தால் வாத்தியார் தாங்கியிருப்பார், கத்தியிருந்தாலும் தாங்கியிருப்பார்.

“சார், ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன், மாத்தி எழுதிக்கோங்க” என்றான் அதிகாரியிடம். “தொட்டுட்டுத் திருப்பணும்னுதான் மாமா சொல்லிக்கொடுத்தாரு. நான்தான் பதட்டத்துல தொட்டுட்டு விட்டுட்டேன்.”

“டேய்” என்றார் வாத்தியார்.

“நீங்க பேசாதீங்க மாமா. கேள்வி என்னைத்தானே கேக்கறாரு.”

அவனிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், எல்லாம் சரியாகச் செய்தேன் என்ற நினைப்பு. அதையும் எடுத்து இவர்கள் மடியில் போட்டுவிட்டான். சமையலறை வாசலில் அவள் வந்து நின்றிருந்தாள், கழுத்தில் அளவு நாடா, கையில் பாதி தைத்த சட்டை. வாத்தியார் அவளைப் பார்த்தார். பேசு என்றும் அந்தக் கண் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. அதிகாரி அவரையே பார்த்தபடி பேனாவைக் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலே வைத்திருந்தார். பிறகு எழுதினார். சின்னவன் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வாத்தியார் குடை பிடித்து வாசல் வரைக்கும் போனார். அவன் சொன்னது உண்மை இல்லை என்று வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அப்படீன்னா உள்ள வாங்க” என்றார் அதிகாரி. “அவன் முன்னாடி சொல்லுங்க. அடிச்சிட்டு வேற எழுதிக்கறேன். எனக்கு அவசரமில்ல.”

குடைக்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். திரும்பி நடந்தால் பத்தடி தூரம் வராது. அந்தப் பத்தடியை நடக்க வாத்தியாருக்குக் கால் வரவில்லை. வீட்டுக்காகவா, உரிமத்துக்காகவா, அவன் கொடுத்ததைத் திருப்பி அவன் முகத்தில் எறிய மனசு வராமலா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கோழைத்தனம் என்று பிற்பாடு தன்னைத்தானே திட்டிக்கொண்டார், அதில் தப்பில்லை. அதிகாரி இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

புரட்டுகிற நேரம் வந்துவிட்டது. வாத்தியார் தலைமாட்டுக்குப் போனார், அவள் கால்மாட்டுக்குப் போனாள். இன்றைக்கு அவன் வெந்துடுச்சு என்று சொல்லவில்லை. புரட்டிப் படுக்கவைத்த பிறகு அக்காவைப் பார்த்து, “எஞ்சின் மோசம்னு சொன்னியேக்கா” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்து, அவனுக்குத் தெரியவே தெரியாத அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

“ஒரு திருப்பு மாமா” என்றான் சின்னவன். “ஒரே ஒரு திருப்பு.”

வாத்தியார் அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, தூங்கிவிட்டான் என்று அவர் எழுந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “புதுசா வர்ற பசங்களுக்காவது திருப்பச் சொல்லிக்குடுங்க.”

அறிக்கை வந்தது. மாணவனின் மறதி என்று இருந்தது. முதலாளி வாத்தியாரின் தோளில் தட்டி, நம்ம முறையில ஒரு குத்தமும் இல்ல, வழக்கம் போல நடத்துங்க என்றார். கொட்டகைச் சுவரில் மழையில் வெளுத்திருந்த எழுத்துக்குப் புதுச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்ட ஒரு காலையில், புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் மேலே போனார். நல்ல உயரம் ஏறியதும் எஞ்சின் வேகத்தைச் சட்டென்று குறைத்து, “எஞ்சின் போச்சு” என்றார். அவள் கெட்டிக்காரி. மூக்கை இறக்கினாள், வயலைக் காட்டினாள், டேங்க் என்று திருகைத் தொட்டுவிட்டுப் பம்புக்குக் கையைக் கொண்டுபோனாள்.

“திருப்பு” என்றார்.

“சார்?”

“திருப்பும்மா.”

“திருப்பக் கூடாதுன்னு சுவத்துலயே எழுதியிருக்கே சார். நேத்து நீங்களும் அதைத்தானே சொன்னீங்க?”

நேற்று சொன்னது வாஸ்தவம்தான். அறிக்கை வந்த நாளிலிருந்து தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குச் சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மாணவனாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். திருகையே விரலால் காட்டினார். அவள் தயங்கித் தயங்கிக் கையைத் திரும்பக் கொண்டுபோனாள். பிடித்து, இடதிலிருந்து வலதுக்குத் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம். வாத்தியார் வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் ஓர் இருமல்கூட இல்லாமல், ஒன்றுமே நடக்காதது போல, முழு வலுவோடு இழுத்துக்கொண்டு போயிற்று.

அந்தப் பெண் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“இவ்வளவுதானா சார்?”

வாத்தியார் தன் பக்கத்துக் கண்ணாடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இவ்வளவுதாம்மா” என்றார்.